பால் மரத்தின் இலைக்குள் ஒளிந்திருக்கும் நஞ்சு

ஆண்டுக்கு ஒரு முறை பால் மரம் இலை உதிர்ப்பது உங்களுக்குப் புதிதல்ல. பிப்ரவரி, மார்ச் வெயிலில் நிரை முழுவதும் சருகு மெத்தை விரித்தாற்போல் கிடக்கும். மங்கில் பால் குறையும். "இலை விழுகிற மாசம், என்ன செய்யறது?" என்று சொல்லி, வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொண்டு பொறுத்திருப்பார்கள். சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் விடும். அது பச்சையாகி முற்றி நின்றதும் பால் மறுபடி ஏறும். மரத்தின் இயற்கை அது. அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

ஆனால், தளிர்த்து முற்றி நிற்கும் இலை, உதிர வேண்டிய மாதம் அல்லாத மாதத்திலும் கொட்டத் தொடங்கினால்? கொட்டிய இலையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, நரம்பை ஒட்டி இரு பக்கமும் கருமையான சிறு கோடுகள், மீனைத் தின்று முடித்தபின் தட்டில் மிஞ்சும் முள்ளைப் போல ஓடியிருந்தால்? அப்போது பயப்படத்தான் வேண்டும்.

இலைதான் மரத்தின் அடுப்பங்கரை. வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் கொண்டு இலை சமைக்கும் சர்க்கரையிலிருந்துதான் பட்டைக்குள் பால் ஊறுகிறது. அடுப்பு அணைந்தால் வீட்டில் சாப்பாடு ஏது? ஒரு முறை இலை விழுந்தால் மரம் தன் சேமிப்பைச் செலவழித்து மறுபடி தளிர்க்கும். தளிர்த்தது மீண்டும் விழுந்தால் மீண்டும் தளிர்க்கும். இப்படியே மூன்று முறை, நான்கு முறை போனால் சேமிப்புக் கரைந்து, நுனிக் கிளைகள் காய்ந்து, மரம் எலும்புக்கூடாக நிற்கும். வெட்டுக்காரரின் உளிக்கு அதில் வேலை இல்லை.

இந்த மீன்முள் கோட்டைப் போடுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசணம். பழைய ரொட்டியிலும் மழைக்காலத்தில் தோல் செருப்பிலும் பூக்கிறதே, அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். அறிவியல் நூல்கள் பூஞ்சை என்று எழுதும். இதன் முழுப் பெயர் கோரினெஸ்போரா காசியிகோலா. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கதாயுதம் போன்ற நீண்ட வித்து உடையது, கொன்றை இனத்துச் செடியில் குடியிருப்பது, என்பதே அதன் பொருள். கொன்றையோடு நின்றிருந்தால் நமக்குக் கவலையில்லை. பப்பாளி, தக்காளி, வெள்ளரி, பயத்தங்காய் என்று 500-க்கும் மேற்பட்ட செடி வகைகளில் இந்தப் பூசணத்தைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுதான் ரப்பர் மரம்.

இந்தப் பூசணத்தை எப்படி அடையாளம் காண்கிறார்கள், அது வைத்திருக்கும் நஞ்சை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே இந்தக் கட்டுரை. லேப் விஷயம் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த லேப்பில் கிடைக்கும் பதிலை வைத்துத்தான், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உங்கள் நிரையில் எந்த மரம் நிற்கும் என்று முடிவு செய்கிறார்கள்.

முதலில் இலங்கையில் நடந்ததைக் கேளுங்கள்

இலங்கையின் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் ரப்பர் தோட்டங்கள் உண்டு. நம் முன்னோரைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே பால் வெட்டுகிறார்கள். அந்நாட்டு ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய ரகங்களுள் ஒன்று ஆர்.ஆர்.ஐ.சி. 103. வேகமாக வளரும், நன்றாகப் பால் தரும் என்று பெயர் வாங்கிய ரகம். நம்பி நட்டார்கள்.

1985-ஆம் ஆண்டு வாக்கில் அந்த மரங்கள் இலை கொட்ட ஆரம்பித்தன. ஒரு மரம், இரண்டு மரம் அல்ல. அந்த ரகம் நின்ற இடமெல்லாம் கொட்டின. கடைசியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் இளமரங்களை வேரோடு பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. அந்த ரகத்தை நடும்படி சொன்னவர்களே, இனி நடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ரப்பர் கன்று நட்டால் ஐந்து, ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் உளி வைக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை ஆண்டுகள் களை பிடுங்கி, உரம் போட்டு, வெட்டுக்கு வரப்போகிற நேரத்தில் பிடுங்கினால் தோட்டத்துக்கு நட்டம் பணத்தில். அங்கே வேலை செய்கிறவருக்கு நட்டம் நாட்களில். மறுபடி நட்டு, மறுபடி காத்திருக்கும் அந்த ஆறு ஆண்டுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்துவிடும்.

எல்லா மரமும் ஏன் ஒன்றாக விழ வேண்டும்? இதற்கு விடை ஒட்டுக்கன்றில் இருக்கிறது. நல்ல பால் தரும் ஒரு தாய் மரத்தின் மொட்டை எடுத்து நாற்றில் ஒட்டுகிறோம். அதிலிருந்து ஆயிரம், பதினாயிரம் கன்றுகள் செய்தாலும் மேலே வளர்வதெல்லாம் அந்த ஒரே தாயின் உடம்புதான். அச்சில் வார்த்த செங்கல் மாதிரி. தாய் நன்றாகப் பால் கொடுத்தால் எல்லாம் கொடுக்கும். தாய்க்கு ஒரு நோயைத் தாங்கும் சக்தி இல்லையென்றால் எதற்கும் இருக்காது. ஒரே ரகத்தை மலை மலையாக நடுவதில் உள்ள ஆபத்து இதுதான். பால் அளவை மட்டும் பார்த்து நட்டவர்கள் பல நாடுகளில் இந்தப் பாடத்தைப் படித்தார்கள்.

இலங்கையிலேயே, இது தாங்கும் என்று நினைத்திருந்த ஆர்.ஆர்.ஐ.சி. 110 ரகம் 1990-களின் நடுவில் அடிபட்டது. இந்தியாவில் 1996-இல் கர்நாடகப் பகுதியில் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்னும் பேர்போன ரகத்தின் தோட்டங்களில் நோய் கடுமையாகப் பரவியது. மலேசியாவில் 1960-லேயே இந்த நோயைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு ஆர்.ஆர்.ஐ.எம். 725 ரகம் இதற்கு எளிதில் இரையானது.

நேற்று வரை தாங்கிய ரகம் இன்று விழுகிறது என்றால் மாறியது மரமா, பூசணமா? மரம் அச்சில் வார்த்தது, அது மாறவில்லை. அப்படியானால் பூசணத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

கண்ணால் கண்டும் தெரியாது

இலையில் புள்ளி கண்டாலே அது இந்த நோய்தான் என்று சொல்லிவிட முடியாது. தளிரில் வெள்ளை மாவு தூவினாற்போல் படிந்து இலையைச் சுருட்டுவது ஒரு பூசணம். அதற்கு ஓய்டியம் என்று பெயர். மழைநாளில் இளம் இலையின் நுனியைக் கருக்கிச் சுருட்டுவது இன்னொன்று, கொலெட்டோட்ரிக்கம். நர்சரி நாற்றுகளில் நடுவில் வெள்ளையும் சுற்றிலும் பழுப்புமாகப் பறவையின் கண்ணைப் போலச் சிறு வட்டங்கள் போடுவது வேறொன்று. நம் பூசணமும் சில இலைகளில் மீன்முள் போடாமல், நடுவில் காகிதம் போல வெளுத்து ஓரத்தில் மஞ்சள் வளையம் கட்டிய வட்டப் புள்ளியாக நின்றுவிடும். அனுபவசாலியான தண்டல்கூட ஏமாந்துபோகலாம்.

ஓய்டியமும் கொலெட்டோட்ரிக்கமும் பெரும்பாலும் தளிரோடு சரி. இலை முற்றிவிட்டால் தப்பிவிடும். கோரினெஸ்போராவோ தளிரையும் விடாது, முற்றியதையும் விடாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்றா சொல்வது, வேதனை! இலையின் பெரும்பகுதி பச்சையாகவே இருக்கும். நடு நரம்பில் சிறு கருப்பு ஒன்று விழுந்திருக்கும். அவ்வளவுக்கே இலை காம்போடு கழன்று விழுந்துவிடும். இத்தனை சிறிய காயத்துக்கு இத்தனை பெரிய சாவு ஏன்? பூசணம் தின்று தீர்த்ததால் இலை விழவில்லை, அது ஏதோ நஞ்சைக் கக்குகிறது, அந்த நஞ்சு தான் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்க இதுவே காரணமாயிற்று.

அகார்-அகாரில் ஒரு தோட்டம்

நோய் கண்ட இலை லேப்புக்கு வந்ததும் என்ன செய்கிறார்கள்? புள்ளியின் ஓரத்தில், நோயும் நலமும் சந்திக்கிற இடத்தில், ஒரு சிறு துண்டை வெட்டுகிறார்கள். வீட்டில் துணி வெளுக்க வைத்திருப்பீர்களே கிளோராக்ஸ், அந்த மருந்தைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, துண்டை அதில் சிறிது நேரம் முக்கி எடுக்கிறார்கள். இலையின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமிகள் அதில் செத்துப்போகும். உள்ளே புகுந்த பூசணம் பிழைத்திருக்கும். பிறகு சுத்தமான நீரில் அலசி, ஒரு தட்டில் வைக்கிறார்கள்.

அந்தத் தட்டில் இருப்பது என்ன தெரியுமா? உருளைக்கிழங்கு வேகவைத்த சாறு, கொஞ்சம் சர்க்கரை, உறைவதற்கு அகார்-அகார். பெருநாளைக்கும் தீபாவளிக்கும் வண்ணம் போட்டுக் கிண்டித் துண்டு போடுகிறோமே, அதே கடற்பாசிச் சரக்குதான். நாம் தேங்காய்ப்பால் ஊற்றுகிறோம், அவர்கள் ஊற்றுவதில்லை.

சில நாட்களில் துண்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலப் பூசணம் படரும். அதன் வித்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். முன்காலத்தில் இதோடு விசாரணை முடிந்துவிடும். வித்தின் நீளம், அகலம், குறுக்குச் சுவர்களின் எண்ணிக்கை இவற்றைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஆனால் இந்தப் பூசணம் பச்சோந்திக்கு அண்ணன். ஒரே தட்டில் வளர்ந்ததிலேயே ஒரு வித்து நீளமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருக்கும். ஒரு தட்டில் சாம்பல் நிறம், மறு தட்டில் பழுப்பு. உருவத்தை நம்பி ஆளைப் பிடிக்க முடியாது. இன்னார்தான் என்று சொல்லிவிட்டாலும், எந்த ரக மரத்தைக் கொல்வார் என்று உருவம் சொல்லாது.

பெரட்டில் பெயர் கூப்பிடுவது போல

இங்கேதான் மரபணு வருகிறது. உயிருள்ள ஒவ்வொன்றின் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் நூலிழை இருக்கிறது. அதில் நான்கே எழுத்துகள் மாறி மாறி எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட வேலைக்கான கட்டளை எழுதப்பட்ட பகுதிக்கு மரபணு என்று பெயர். கண்ணின் நிறத்துக்கு உண்டு, கன்றின் உயரத்துக்கு உண்டு, பூசணம் கக்கும் நஞ்சுக்கும் உண்டு.

ஆனால் இழையில் கோடிக்கணக்கான எழுத்துகள். வேண்டிய ஒரு வரியை எங்கே தேடுவது?

விடிகாலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் இருநூறு பேர் நிற்கிறார்கள். யார் முகமும் தெரியவில்லை. கிராணி செக்ரோலைப் பிரித்து ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும் குரல் கொடுக்கிறார். லேப்பிலும் அதேதான். தேடுகிற வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பொருந்துகிற இரண்டு சிறு டி.என்.ஏ. துண்டுகளைச் செய்து, பூசணத்திலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.யோடு ஒரு சிறு குழாயில் போடுகிறார்கள். இந்தத் துண்டுகள்தாம் கூப்பிடுகிற பெயர். அந்த வரி இருந்தால் அவை போய் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் சும்மா மிதக்கும்.

ஒரே ஒரு குரல் எப்படிக் கேட்கும்? அதற்கும் வழி கண்டவர் ஓர் அமெரிக்கர். கேரி மல்லிஸ் என்னும் அந்த விஞ்ஞானி 1983-இல் யோசித்த முறைக்கு பி.சி.ஆர். என்று பெயர். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தச் சோதனையும் இதே பி.சி.ஆர்.தான். குழாயை 95 டிகிரி வரை சூடேற்றினால் இரட்டை இழையான டி.என்.ஏ. பிரிந்து ஒற்றையாகும். சூட்டை 55 டிகிரி அளவுக்கு இறக்கினால் பெயர்த்துண்டுகள் தத்தம் இடத்தில் ஒட்டும். 72 டிகிரியில் ஓர் நொதி அந்த இடத்திலிருந்து புது இழையை நெய்யும். ஒன்று இரண்டாகும். மறுபடி சூடு, மறுபடி இறக்கம்; இரண்டு நான்காகும். நான்கு எட்டு. இப்படி முப்பது சுற்று போனால் ஒரு வரி நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். நம்பாதவர்கள் பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொல்லிப் பாருங்கள். சில மணி நேர வேலை. இந்தக் கண்டுபிடிப்புக்காக மல்லிஸுக்கு 1993-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கொதிக்கிற சூட்டில் அந்த நொதி ஏன் வெந்துபோகவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி அது. பிறந்ததே வெந்நீரில்!

பெருகிய துண்டுகளை மறுபடி அகார் வகைக் கட்டியில் பள்ளம் செய்து ஊற்றி, மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சிறிய துண்டு வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். சாயம் ஏற்றி ஊதாக் கடந்த ஒளியில் பார்த்தால் கோடு பளிச்சென்று தெரியும். கோடு தெரிந்தால், கூப்பிட்ட பெயருக்கு ஆள் இருக்கிறார்.

இதில் இரண்டு விதமான பெயர் கூப்பிடுவார்கள். ஒன்று, எல்லாப் பூசணங்களுக்கும் பொதுவாக உள்ள ஐ.டி.எஸ். என்னும் பகுதி. அதன் எழுத்து வரிசை இனத்துக்கு இனம் வேறுபடும் என்பதால், அதைப் படித்து இது கோரினெஸ்போராவா, கொலெட்டோட்ரிக்கமா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 2012-இல் உலகப் பூசண ஆராய்ச்சியாளர்கள் இதையே பூசணங்களின் பொது அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நம் அடையாள அட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடையாள அட்டை ஆளின் பெயரைச் சொல்லும்; மடியில் கத்தி வைத்திருக்கிறாரா என்று சொல்லாது. மடியைத் தடவிப் பார்க்க இரண்டாவது பெயர் வேண்டும். அது நஞ்சின் மரபணு.

இருபத்தேழு மணி கோத்த நஞ்சு

அந்த நஞ்சுக்குக் காசியிகோலின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூசணத்தை நீர்க் கரைசலில் வளர்த்து, பூசணத்தை வடிகட்டி எறிந்துவிட்டு, மிச்ச நீரில் ரப்பர் இலையின் காம்பை வைத்தால், நோய்க்கு ஆளாகும் ரகத்தின் இலை வாடித் தொங்கும். தாங்கும் ரகத்தின் இலை நிமிர்ந்து நிற்கும். பூசணமே இல்லாத நீர்! அப்படியானால் கொல்வது அந்த நீரில் கலந்திருக்கும் ஏதோ ஒன்று. அதுவும் எல்லா மரத்தையும் கொல்லாமல், ஆள் பார்த்துக் கொல்கிறது.

அதைத் தனியே பிரித்து எடுத்துப் பார்த்தவர்கள் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள். 2007-இல் அதன் வடிவத்தை வெளியிட்டார்கள். மிகச் சிறிய புரதம். புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த மாலை. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் புரதத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மணிகள் உண்டு. இந்த நஞ்சில் இருபத்தேழே இருபத்தேழு. அதில் ஒரு மணியில் சர்க்கரை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாலையை மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டு இறுக்கியிருப்பதால் எளிதில் குலையாது. இதற்குப் பயன்படுத்திய பூசணம் பிலிப்பைன்ஸ் ரப்பர் மரத்திலிருந்து எடுத்தது.

2012-இல் இந்த நஞ்சுக்கான மரபணுவை விவரித்தார்கள். 2014-இல் வெளிவந்த ஆய்வுதான் சுவையானது. பல நாடுகளிலிருந்தும் பல செடிகளிலிருந்தும் சேகரித்த கோரினெஸ்போராக்களை வரிசையாக நிறுத்தி மடியைத் தடவினார்கள். நூற்றுக்கு 47 பூசணங்களிடம் நஞ்சு மரபணு இருந்தது. அதுவும் ஒரே மாதிரி அல்ல. மணிகளில் சிறு சிறு மாற்றத்தோடு ஆறு வகை. அவற்றுக்கு காஸ் 1 முதல் காஸ் 6 வரை எண் கொடுத்தார்கள். இரண்டு ரப்பர் ரகங்களில் வைத்துச் சோதித்தபோது, காஸ் 1 மரபணு வைத்திருந்தவையே மிகக் கொடியவை.

மற்றவை? மரபணு எதுவும் அகப்படாதவற்றுக்கு காஸ் 0 என்று பெயர். அவற்றிலும் சில, ரப்பர் இலையில் மிதமான நோயை உண்டாக்கின. கத்தி இல்லாதவன் கல்லால் அடிக்கலாம் அல்லவா? ஆகவே நஞ்சு மரபணு இல்லை என்று சோதனை சொன்னால் அந்தப் பூசணம் சாது என்று விட்டுவிடக் கூடாது. இருக்கிறது, அதுவும் காஸ் 1 என்றால், உடனே எழுந்து உட்கார வேண்டும்.

நஞ்சுதான் குற்றவாளி என்பதற்குக் கடைசிச் சாட்சி 2019-இல் கிடைத்தது. அந்தப் பிலிப்பைன்ஸ் பூசணத்திலிருந்து காஸ் 1 மரபணுவை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. முன்பு அந்தப் பூசணத்துக்கு எளிதில் பணிந்துபோன ரகங்களின் இலையில் அதை வைத்தார்கள். பழைய கொடுமை போய்விட்டது! வலிய அரக்கனின் பலம் முழுவதும் இருபத்தேழு மணி மாலையில் இருந்திருக்கிறது. ஏழு கடல் தாண்டிக் கிளியின் கழுத்தில் உயிரை வைத்திருந்த மந்திரவாதி கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது அந்த மாதிரிதான்.

பிரேசிலில் இன்னொரு அதிசயத்தையும் கண்டார்கள். ரப்பர் மரத்தின் பூர்வீகமே அதுதான். அங்கே நோயே இல்லாத ரப்பர் இலைகளுக்குள்ளும் கோரினெஸ்போரா குடியிருந்தது, வேறு வகை நஞ்சு மரபணுக்களோடு. உள்ளே இருந்தும் ஒன்றும் செய்யவில்லை. ஒரே பெயருள்ள பூசணம் ஓரிடத்தில் சாதுவான வாடகைக்காரன், மற்றோரிடத்தில் வீட்டைக் கொளுத்துகிறவன். பெயரை மட்டும் தெரிந்துகொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

மலேசியப் பூசணங்கள் இரண்டு கட்சி

2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மலேசிய ரப்பர் தோட்டங்களைப் பற்றியது. 1998 முதல் 2005 வரை பல மாநிலங்களில், பல ரக மரங்களிலிருந்து எடுத்த 21 கோரினெஸ்போராக்களை ஆராய்ந்தார்கள். முதலில் உருவத்தைப் பார்த்தார்கள். எந்த மாநிலம், எந்த ரகம் என்பதற்கும் உருவத்துக்கும் சம்பந்தமே தெரியவில்லை. பிறகு டி.என்.ஏ.வைக் கோடுகளாக ஓடவிட்டு, சேலைக் கரையின் கோடுகளை ஒப்பிடுவது போல 106 கோடுகளை ஒப்பிட்டார்கள். பூசணங்கள் தெளிவாக இரண்டு கட்சியாகப் பிரிந்தன. ஜொகூர், சிலாங்கூர் மாநிலங்களிலிருந்து வந்த 12 ஒரு பக்கம். மற்ற மாநிலங்களின் 9 மறு பக்கம்.

வெறும் கோட்டு வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். இரண்டு கட்சியும் தாக்குகிற ரகங்கள் வேறு வேறு. அந்த 12-இல் ஒன்று மட்டும் இரண்டு கட்சியிலும் சேராமல் தனி வழியில் தாக்கியது. அது புதுக்கட்சியின் முதல் ஆளோ என்று யாருக்கும் கவலை வரும்.

இதன் பலன் உங்களுக்கு எப்படி வந்து சேர்கிறது? ஜொகூரில் நன்றாக நிற்கும் ரகம் கெடாவிலும் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நட முடியாது. எந்தப் பக்கத்தில் எந்தக் கட்சி இருக்கிறது என்று தெரிந்தால், அதைத் தாங்கும் ரகத்தை அந்தப் பக்கத்துக்குச் சிபாரிசு செய்யலாம். புது ரகம் ஒன்றை உருவாக்கும்போது, பத்து ஆண்டு நட்டுப் பார்த்து இலங்கையில் போலப் பிடுங்காமல், நாற்றாக இருக்கும்போதே அதன் இலையை நஞ்சு நீரில் வைத்து வாடுகிறதா என்று பார்க்கலாம். மருந்தடிப்பது நர்சரியில் சரி. அறுபது அடி உயரத்தில் நிற்கும் மரத்துக்கு எத்தனை நாள் அடிப்பது? தாங்கும் ரகத்தை நடுவதே பெரிய மருந்து.

உங்கள் கண்தான் முதல் சோதனை

இன்று பல தோட்டங்களில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். மலேசியாவில் ரப்பரின் பெரும்பகுதி இப்போது சிறுதோட்டக்காரர்களின் கையில் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியபின் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று வாங்கி நட்டவர்கள் நம்மவர்களிலும் உண்டு. அவர்களுக்குத் துரையும் கிடையாது, கிராணியும் கிடையாது. தானே பார்த்துத் தானே சொல்ல வேண்டும்.

2017-லிருந்து மலேசியாவில் வேறொரு இலையுதிர் நோயும் பரவியிருக்கிறது. முற்றிய இலையில் பெரிய வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி போட்டுக் கொட்டவைக்கும். பெஸ்டலோஷியாப்சிஸ் என்னும் பூசண வகையை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். சுமத்ராவில் முதலில் கண்டு, பிறகு தாய்லாந்து, இலங்கை, கேரளம் என்று பரவியது. நோய் கண்ட இலையில் கொலெட்டோட்ரிக்கமும் சேர்ந்து இருப்பதுண்டு. அதைப் பிரித்து அடையாளம் காண்பதும் மேலே சொன்ன பெயர் கூப்பிடும் முறையில்தான். வட்டப் புள்ளியை மீன்முள் என்றும் மீன்முள்ளை வட்டப் புள்ளி என்றும் எண்ணிக்கொண்டு கடையில் கிடைத்த மருந்தை வாங்கி அடித்தால் காசும் போகும், இலையும் போகும்.

ஆகவே, உதிர வேண்டாத மாதத்தில் இலை உதிர்ந்தால் பத்து இலையைப் பொறுக்குங்கள். அடியில் கிடந்து மக்கியதை விட்டுவிட்டு, அன்று காலை விழுந்ததை எடுங்கள். கைக்கு எட்டும் கிளை இருந்தால் புள்ளி விழுந்தும் இன்னும் விழாமல் நிற்கும் இலைகளையும் பறியுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். வேர்த்து, வேறு பூசணம் பூத்து, லேப்பில் எடுத்தால் அந்த இரண்டாவது பூசணம்தான் வளரும். பழைய செய்தித்தாளில் மடித்து, மேலே எந்த நிரை, என்ன ரகம், எத்தனை வயது மரம், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதுங்கள். ரகத்தின் எண் தெரியாவிட்டால் நட்ட ஆண்டையாவது எழுதுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் தண்டலிடமோ அலுவலகத்திலோ கொடுக்கலாம். சொந்தத் தோட்டம் என்றால் ரிஸ்டா அலுவலகத்திலோ மலேசிய ரப்பர் வாரியத்திலோ விசாரியுங்கள். வெயிலில் காரில் இரண்டு நாள் போட்டுவைத்துவிட்டுக் கொண்டுபோக வேண்டாம்.

நோய் கண்ட நர்சரியிலிருந்து ஒட்டுக்கம்பு வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வித்து காற்றில் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் மலை தாண்டி, ஆறு தாண்டி அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் லாரியில் ஏற்றிய கன்றுக்கு இணை ஏது?

வீட்டுக் கொல்லையில் பப்பாளி இலையில் புள்ளி இருக்கிறது, அதை வெட்டிவிடவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வேண்டாம். பப்பாளியில் இருக்கும் கோரினெஸ்போரா எல்லாம் ரப்பருக்குத் தாவும் என்பதில்லை. பல பூசணங்கள் தாம் பழகிய செடியையே விரும்புகின்றன. ரப்பர் நர்சரிக்குப் பக்கத்தில் மட்டும் பப்பாளி நடாமல் இருப்பது நல்லது. கொல்லையில் நிற்பதைப் பிள்ளைகளுக்குப் பழுக்க விடுங்கள்.